வேர்ட்பிரஸ் பிளகினுக்குத் தானியங்கிச் சோதனை: அமைப்பது எப்படி, தமிழ்த் தளத்தில் எதைச் சோதிப்பது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். செந்தூலிலிருந்து வெளிவரும் ஒரு சிறிய தமிழ் இணைய இதழின் தளத்தை நானும் நண்பர் ஒருவரும் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. இதழுக்கென்றே எழுதப்பட்ட பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) ஒன்று அதில் மூன்று வேலைகளைச் செய்கிறது: முகப்பில் ‘இன்றைய பதிவுகள்’ என்ற பெட்டியைக் காட்டுகிறது; தொடர்கதைகளின் அத்தியாயங்களைத் தனி அட்டவணையில் வைத்து ஒன்றோடொன்று இணைக்கிறது; பழைய அச்சு இதழ்களின் டிஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றம்) கோப்புகளை யூனிகோடாக மாற்றித் தளத்தில் சேர்க்கிறது.

வேர்ட்பிரஸ் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் ஒருவர் கைப்பேசியிலும் மற்றவர் மடிக்கணினியிலும் பக்கம் பக்கமாகத் திறந்து பார்ப்பதுதான் இதுவரை எங்கள் சோதனை. தீபாவளி மலர் வெளியாகும் வாரத்தில் பிளகினின் ஒரு வரியைத் தொடவும் எங்களுக்குத் துணிவு வருவதில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்றுதான் பிஎச்பி நிரலைச் சோதிக்கும் பிஎச்பியூனிட் கருவியைக் கொண்டு தானியங்கிச் சோதனை எழுதத் தொடங்கினோம். அதில் மூன்று இடங்களில் நிற்கிறோம்.

முதலாவது, பிஎச்பி தொகுப்புகளை நிறுவும் கம்போசர் வழியாகப் பிஎச்பியூனிட்டின் ஆகப் புதிய பதிப்பை நிறுவியவுடன், சோதனைக் குறிப்புகளைப் படிக்கும் ஒரு செயற்கூறு இல்லை என்ற பிழையோடு எல்லாமே நின்றுவிடுகிறது. பழைய பதிப்புக்கு இறங்கினால் ஓடுகிறது; ஆனால் அது சரியான வழிதானா என்று தெரியவில்லை. இரண்டாவது, தொடர்கதை அட்டவணையைத் தொடும் ஒவ்வொரு சோதனையும் ‘அட்டவணை இல்லை’ என்கிறது. தளத்தில் அதே பிளகின் ஒழுங்காக அட்டவணையை உருவாக்குகிறது. மூன்றாவதுதான் எங்களை அதிகம் குழப்புகிறது. ‘இன்றைய பதிவுகள்’ பெட்டிக்கான சோதனை, வேலைக்குக் கிளம்பும் முன் அதிகாலையில் இயக்கினால் சிவப்பாகவும் (தோல்வி) மதிய உணவு நேரத்தில் இயக்கினால் பச்சையாகவும் (தேர்ச்சி) வருகிறது. சோதனைக்குள் தளத்தின் நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்றே அமைத்திருக்கிறோம்.

இவற்றுக்கு அப்பால் ஒரு பொதுக் கேள்வியும் உண்டு. இருவர் மட்டுமே உள்ள குழுவால் எல்லாவற்றுக்கும் சோதனை எழுத முடியாது. தமிழில் பதிப்பிக்கும் ஒரு தளத்துக்கு முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

---

தரவுக்காரன் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் செந்தூல்வாசி. அடித்தளத்தை முதலில் சரிசெய்துகொள்வோம். அது ஆட்டம் கண்டால் மேலே எழுதும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

பிஎச்பியூனிட்டைப் பொறுத்தவரை நீங்கள் கீழிறங்கியது சரியே. வேர்ட்பிரஸின் சோதனை நூலகம் 9ஆம் வரிசைப் பதிப்புகளை ஒட்டி எழுதப்பட்டது. 10ஆம் பதிப்பில் நீக்கப்பட்ட ஓர் உள்செயற்கூற்றை அந்த நூலகம் அழைப்பதால்தான் உங்களுக்கு அந்தப் பிழை வந்தது. கம்போசர் கோப்பில் 9ஆம் வரிசை என்று பூட்டிவிடுங்கள். அத்துடன் யோஸ்ட் நிறுவனத்தார் வெளியிடும் பிஎச்பியூனிட் பாலிஃபில்ஸ் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேர்ட்பிரஸ் 5.9 முதல் அது இல்லாமல் சோதனை நூலகம் தொடங்கவே மறுக்கும். அதே 5.9 இலிருந்துதான் சோதனையின் முன்னேற்பாட்டுச் செயற்கூறுகளின் பெயர்களை அடிக்கோடிட்டு, அதாவது ‘செட்_அப்’ என்று, எழுதும் வழக்கம் வந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்து அடிக்கோடு இல்லாமல் எழுதியிருந்தால் அவற்றை மாற்றிவிடுங்கள்.

நிறுவும் முறைக்கு நீங்களாக எதையும் கட்ட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் ஸ்காஃபோல்டு கட்டளையிடம் பிளகின் சோதனைகள் வேண்டும் என்று கேட்டால், பிஎச்பியூனிட்டின் அமைப்புக் கோப்பு, தொடக்கக் கோப்பு, ஒரு மாதிரிச் சோதனை, நிறுவும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றை அதுவே எழுதித் தரும். நிறுவும் ஸ்கிரிப்டுக்குத் தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல், சர்வர், வேர்ட்பிரஸ் பதிப்பு என்ற வரிசையில் விவரங்களைக் கொடுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையைத் தயவுசெய்து இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனை நூலகம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தனக்குரிய முன்னொட்டுக் கொண்ட வேர்ட்பிரஸ் அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறது. நிறுவும் ஸ்கிரிப்டோ, அதே பெயரில் தரவுத்தளம் ஏற்கெனவே இருந்தால் அதை முழுவதுமாக அழித்து மீண்டும் உருவாக்கட்டுமா என்று கேட்கிறது. இதழின் உண்மையான தரவுத்தளமோ அதன் பிரதியோ அந்தப் பெயரில் இருக்கவே கூடாது. சோதனைக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்குச் சோதனைத் தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை கொடுங்கள். அப்போது பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் மைஎஸ்கியூஎல் அனுமதிக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கிரிப்ட் நூலகத்தைத் தற்காலிகக் கோப்புறையில் இறக்குகிறது. கணினியை அணைத்து எழுப்பியபின் கோப்புறை காலியாகியிருந்தால், ‘நூலகம் கிடைக்கவில்லை, நிறுவும் ஸ்கிரிப்டை இயக்கினீர்களா’ என்ற செய்திதான் மறுநாள் காலையில் உங்களை வரவேற்கும். நூலகமும் வேர்ட்பிரஸும் இருக்கும் இடங்களைச் சூழல் மாறிகள் வழியாக நிரந்தரக் கோப்புறைகளுக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, உங்கள் அட்டவணைச் சிக்கல். சோதனைச் சூழலில் உங்கள் பிளகின் ‘செயல்படுத்து’ பொத்தானை அழுத்தி இயக்கப்படுவதில்லை. தொடக்கக் கோப்பு அதை நேரடியாக ஏற்றுகிறது. ஆகவே செயல்படுத்தும் கணத்தில் ஓட வேண்டிய கொக்கி, அதாவது அந்தக் கணத்தோடு பிணைத்த செயற்கூறு, ஓடுவதில்லை, அட்டவணையும் உருவாவதில்லை. சரி, அந்தச் செயற்கூற்றைச் சோதனைக்குள்ளேயே அழைத்துவிடலாம் என்று தோன்றும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேர்ட்பிரஸின் சோதனை வகுப்பு ஒவ்வொரு சோதனையையும் ஒரு பரிவர்த்தனைக்குள் (மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய தரவுத்தளச் செயல்தொகுதி) இயக்கி, முடிந்ததும் பின்வாங்கிவிடுகிறது; ஒரு சோதனை எழுதிய பதிவு அடுத்த சோதனைக்குத் தெரியாமல் இருப்பது இதனால்தான். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை உருவாக்கும் கட்டளை நடப்பிலுள்ள பரிவர்த்தனையைத் தானே முடித்துவிடும். அதைத் தவிர்ப்பதற்காக, சோதனைக்குள் வரும் ‘அட்டவணை உருவாக்கு’ கட்டளையை நூலகம் இடைமறித்துத் ‘தற்காலிக அட்டவணை உருவாக்கு’ என்று மாற்றிவிடுகிறது. தற்காலிக அட்டவணைகள் அட்டவணைப் பட்டியலில் தெரியாது. உங்கள் பிளகின் பட்டியலைப் பார்த்து ‘இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும்.

இதற்குத் தீர்வு, தொடக்கக் கோப்பின் இறுதியில், வேர்ட்பிரஸ் முழுவதும் ஏறிய பின்னர், எந்தச் சோதனையும் தொடங்கும் முன், அட்டவணையை உருவாக்கும் செயற்கூற்றை ஒருமுறை அழைப்பதுதான். அப்போது அது உண்மையான அட்டவணையாக உருவாகும். அதற்குள் சோதனைகள் எழுதும் வரிகள் மட்டும் பின்வாங்கப்படும். அட்டவணை இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும். பழைய பிளகின்களில் மைஐஸாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதற்குப் பரிவர்த்தனை கிடையாது, எழுதியது எழுதியபடியே தங்கிவிடும். உங்கள் சோதனை வகுப்பில் முன்னேற்பாட்டுச் செயற்கூறு இருந்தால் அதன் முதல் வரியில் தாய் வகுப்பின் முன்னேற்பாட்டை அழைக்கத் தவறாதீர்கள், ஏனெனில் பரிவர்த்தனை தொடங்குவதே அங்கேதான்.

சோதனைகளைக் கிட்ஹப்பின் இயந்திரங்களில் இயக்குவதாக இருந்தால் உபுண்டு 24.04 படிமத்தில், கோப்புகளை இறக்கப் பயன்படும் சப்வெர்ஷன் கருவி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நிறுவும் ஸ்கிரிப்ட் அதை நம்பியிருக்கும் பதிப்பாக இருந்தால், முதலில் அதை நிறுவும் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

எதைச் சோதிப்பது என்ற கேள்விக்கு என் கருத்து சுருக்கமானது. பிளகினின் பிஎச்பி பகுதியை மட்டும் சோதியுங்கள். உலாவியைத் திறந்து பொத்தான்களை அழுத்தும் சோதனைகள் இருவர் உள்ள குழுவுக்கு வேண்டாத சுமை.

---

பினாங்கு மலர் (ஜார்ஜ் டவுன்) எழுதியது:

வணக்கம். தரவுக்காரன் ஐயா அடித்தளத்தை விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் தமிழ் உள்ளடக்கத்தின் பக்கம் வருகிறேன். தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு என் விடை இதுதான்: வேர்ட்பிரஸின் பல்லாயிரம் சோதனைகளை அதன் குழுவினரே எழுதி இயக்குகிறார்கள், ஆனால் உங்கள் இதழின் தலைப்புகளையும் பழைய கோப்புகளையும் மலேசிய நேரத்தையும் உங்களைத் தவிர வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

நேரச் சிக்கலை முதலில் முடித்துவிடலாம். வேர்ட்பிரஸ் தொடங்கும்போது பிஎச்பியின் நேர மண்டலத்தை எப்போதும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைத்துவிடுகிறது. தளத்தின் நேர மண்டலம் தனி அமைப்பாக இருக்கிறது. உங்கள் பிளகின் பிஎச்பியின் சாதாரணத் தேதிச் செயற்கூற்றை அழைத்து ‘இன்று’ எது என்று கேட்கிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டு நேரம் யூடிசியைவிட 8 மணி முன்னே இருப்பதால், நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை அதற்குக் கிடைக்கும் விடை நேற்றைய தேதி. அந்தச் சோதனை அதிகாலையில் சிவப்பாவது சோதனையின் கோளாறு அல்ல. காலைத் தேநீரோடு தளத்தைத் திறக்கும் வாசகருக்கும் பெட்டியில் நேற்றைய பதிவுகளே தெரிகின்றன.

வேர்ட்பிரஸ் 5.3 இல் வந்த ‘டபிள்யூபி டேட்’, ‘கரண்ட் டேட்டைம்’ ஆகிய செயற்கூறுகள் தளத்தின் மண்டலத்தைப் பின்பற்றுகின்றன, அவற்றுக்கு மாறுங்கள். சோதனையை உண்மையான கடிகாரத்திலிருந்து விடுவிப்பதும் அவசியம். ‘இன்று’ என்பதைப் பெட்டியின் செயற்கூறு தானே கணிக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளட்டும். பிறகு 2024 அக்டோபர் 31, தீபாவளியன்று காலை 6 மணி என்ற நேரத்தைக் கொடுத்து, அன்றைய பதிவு வருகிறதா என்று பாருங்கள். யூடிசியில் அது அக்டோபர் 30, இரவு 10 மணி. ஆகவே பிழை இருந்தால் எந்த நேரத்தில் இயக்கினாலும் சோதனை சிவப்பாகும். பழைய அச்சு இதழ்களைத் தேதியோடு சேர்ப்பதாகச் சொன்னீர்கள். தீபகற்ப மலேசியா 1981ஆம் ஆண்டின் இறுதி வரை யூடிசியைவிட 7 மணி 30 நிமிடம் மட்டுமே முன்னே இருந்தது, 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி. தளத்தின் அமைப்பில் நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த வரலாறு சரியாகக் கணக்கில் வரும். ‘யூடிசி கூட்டல் 8’ என்று வைத்திருந்தால் வராது. 1975 இல் வந்த ஓர் இதழின் தேதியைக் கொண்டு இதற்கும் ஒரு சிறு சோதனை எழுதலாம்.

இனித் தலைப்புகளுக்கு வருவோம். பதிவின் முகவரியில் வரும் பெயரை, அதாவது ஸ்லக்கை, வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து உருவாக்கி 200 எழுத்திடங்கள் கொண்ட புலத்தில் சேமிக்கிறது. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளமான இடம். தமிழிலோ ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்திடங்களாக விரிகிறது. எனவே ஒரு குறிக்கு 9 இடங்கள். மொத்தம் 22 குறிகளுக்குமேல் கொள்ளாது. அந்த 22 இல் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். ‘கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சாதனை’ என்பது தலைப்பு. கோலாலம்பூர் என்ற சொல்லுக்கு 11 குறிகள், ஆகவே 99 இடங்கள். இடைவெளிக்கு 1. மீதி 100 இடங்களில் 11 குறிகள்தான் கொள்ளும். தமிழ்ப்பள்ளி என்ற சொல்லுக்கோ 12 குறிகள் வேண்டும். கடைசி இகரக் குறி வெட்டுப்பட்டு, முகவரி ‘கோலாலம்பூர்-தமிழ்ப்பள்ள’ என்று முடிகிறது. அடுத்த மாதம் ‘கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா’ என்று இன்னொரு பதிவு வந்தால் அதன் முகவரியும் இதே இடத்தில்தான் வெட்டப்படும். இரண்டையும் பிரித்துக்காட்ட வேர்ட்பிரஸ் பின்னொட்டு எண்ணைச் சேர்க்கும். அந்த எண்ணுக்கு இடம் விட இன்னொரு குறியையும் வெட்டி, ‘கோலாலம்பூர்-தமிழ்ப்பள்-2’ என்று ஆக்கும். ஊர்ப் பெயரோடு தலைப்பைத் தொடங்குவது நம் செய்தி இதழ்களில் பரவலான வழக்கம் என்பதால், சில ஆண்டுகளில் பின்னொட்டு எண்கள் மட்டும் மாறும் ஒரே முகவரி வரிசை உங்கள் தளத்தில் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிரப்படும் இணைப்பு எந்தச் செய்திக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கான சோதனை மிக எளிது. சோதனை நூலகத்தில் மாதிரிப் பதிவுகளை உருவாக்கித் தரும் ஃபேக்டரியைக் கொண்டு அந்த இரண்டு தலைப்புகளோடு இரண்டு பதிவுகளை வெளியிடப்பட்ட நிலையில் உருவாக்குங்கள். வரைவு நிலையில் உருவாக்கினால் முகவரிப் பெயர் இன்னும் எழுதப்பட்டிராது. பின்னர் இரண்டு முகவரிகளும் முழு எழுத்தில் முடிகின்றனவா, எண்ணின் உதவியின்றி வேறுபடுகின்றனவா என்று கேளுங்கள். இப்போதைக்குச் சிவப்பாகத்தான் வரும். ஆசிரியர் ஒரு சுருக்க முகவரியைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று பிளகின் வற்புறுத்தலாம், அல்லது முகவரியைப் பதிவெண்ணாலேயே அமைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அந்த முடிவு சோதனையில் பதிந்திருக்கட்டும்.

இறுதியாக, டிஸ்கி மாற்றம். எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இது, ஏனெனில் இங்கே நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணால் பார்க்கும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும்: ‘கொ’ என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்ற மூன்றாக இருக்கும். யூனிகோடில் ககரம் முன்னே வந்து உயிர்க்குறி பின்னே வர வேண்டும். மாற்றும் நிரல் கொம்பை மட்டும் ககரத்துக்குப் பின்னே நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டால், ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறிகள் கிடைக்கும். இன்றைய விசைப்பலகைகள் எழுதுவது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் வேர்ட்பிரஸின் தேடல் மைஎஸ்கியூஎல்லின் ‘லைக்’ ஒப்பீட்டை நம்பியிருக்கிறது. அது குறிக்குக் குறியாக ஒப்பிடுவது. வாசகர் ‘கொடி’ என்று தேடினால் பழைய இதழ்களில் உள்ள கொடி ஒன்றும் கிடைக்காது. இத்தனை பாடுபட்டு ஏற்றிய காப்பகம் தேடுபவரின் கைக்கு எட்டாமலே கிடக்கும்.

சோதனையில் ‘கொ’ மூன்று குறிகளாக உடையும் ‘கொடி’யோடு ஒரு டிஸ்கி வரியை மாற்றி ஏற்றுங்கள், ‘கொ’ இரண்டு குறிகளால் ஆன ‘கொடி’யைத் தேடுங்கள், ஒரு பதிவு கிடைக்க வேண்டும். இந்தச் சொற்களைச் சோதனைக் கோப்பில் விசைப்பலகையால் தட்டச்சு செய்யாதீர்கள். உங்கள் எழுதுகருவி இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டால் சோதனை எதையும் சோதிக்காமல் பச்சையாகும். யூனிகோடு எண்களாக எழுதுங்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சோதனை வேண்டும். திருத்தத்துக்குப் பிஎச்பியின் இன்டல் நீட்சியில் உள்ள நார்மலைசர் போதும்: பதிவைச் சேமிக்கும்போதும் தேடும் சொல்லை வாங்கும்போதும், உடைந்த குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். சோதனை ஓடும் இயந்திரத்திலும் உங்கள் சர்வரிலும் அந்த நீட்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதும் பழக்கம் மட்டும் இதனால் தீராது. அது வேறு எழுத்து, அதற்குச் சொற்பட்டியல்தான் வேண்டும்.

---

செந்தூல்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தொடக்கக் கோப்பில் அட்டவணையை உருவாக்கியதும் தொடர்கதைச் சோதனைகள் அனைத்தும் ஓடத் தொடங்கிவிட்டன. பெட்டியின் நேரப் பிழையும் மலர் அக்கா சொன்ன இடத்திலேயே இருந்தது, திருத்தியாயிற்று. காப்பகத் தேடல் சோதனை சிவப்பாக வந்தபோது நண்பர் உடனே தளத்தில் தேடிப் பார்த்தார். பழைய இதழ்களில் ஒகரமும் ஓகாரமும் வரும் சொற்கள் எவையும் கிடைக்கவில்லை. இதுவரை எந்த வாசகரும் அதை எங்களிடம் சொன்னதில்லை. கட்டுரை இல்லை என்றே நினைத்துப் போயிருப்பார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தொடர்கதையின் அத்தியாய எண்ணை ஆசிரியர்கள், பதிவு எழுதும் திரையான பிளாக் எடிட்டரின் வலப்புறப் பலகத்தில் இடுகிறார்கள். சென்ற புதுப்பிப்பின்போது அந்தப் பலகம் காணாமல் போயிற்று, ஆனால் இப்போது நாங்கள் எழுதியிருக்கும் சோதனைகள் அன்று இருந்திருந்தாலும் பச்சையாகவே இருந்திருக்கும். இதை எப்படிச் சோதிப்பது? இரண்டாவது, முகவரிகளைச் சுருக்க முடிவு செய்துவிட்டோம். ஏற்கெனவே பகிரப்பட்ட பழைய முகவரிகள் உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

---

பாயான் லெப்பாஸ்வாசி (பினாங்கு) எழுதியது:

வணக்கம். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கோயில் அமைப்பின் தளத்தையும் கவனித்து வருகிறேன். உலாவிச் சோதனை வேண்டாம் என்ற தரவுக்காரன் அவர்களின் கருத்திலிருந்து இந்த ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு பிளாக் எடிட்டர் வந்தபின், எழுத்தாளர் தொடும் பகுதி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் இயங்குகிறது. அதைப் பிஎச்பியூனிட்டால் பார்க்கவே முடியாது. ஆனால் அவர் அஞ்சும் சுமையும் உண்மை. ஆகவே ஒரே ஓர் உலாவிச் சோதனை எழுதுங்கள்: ஆசிரியராக உள்நுழைந்து, புதிய பதிவைத் திறந்து, பலகத்தில் அத்தியாய எண்ணை இட்டு, வெளியிட்டு, வெளியான பக்கத்தில் முந்தைய அத்தியாயத்துக்கான இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இதழின் அன்றாட வேலை அதுதான். அது ஓடினால் பெரும்பகுதி ஓடுகிறது.

உலாவியை நிரலால் இயக்கும் கருவியைப் பொறுத்தவரை வேர்ட்பிரஸ் குழுவினரே முன்னர் பப்பட்டியரிலிருந்து பிளேரைட்டுக்கு மாறிவிட்டார்கள்; எடிட்டரைத் திறப்பது, பதிவை வெளியிடுவது போன்ற செயல்களுக்கான துணைத் தொகுப்பையும் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் கணினியில் தளத்தை எழுப்ப வேர்ட்பிரஸின் டபிள்யூபி-என்வ் கருவி போதும். டாக்கர் (கொள்கலன் மென்பொருள்) இருந்தால் 8888ஆம் போர்ட்டில் உங்கள் வேலைக்கு ஒரு தளமும் 8889ஆம் போர்ட்டில் சோதனைக்கு ஒரு தளமும் கிடைக்கும். உலாவிச் சோதனையை எப்போதும் 8889 இல் இயக்குங்கள். நீங்கள் கையால் இட்ட பதிவுகள் அதில் கலக்காது.

காத்திருப்பதில் கவனம் வேண்டும். ‘மூன்று விநாடி நில்’ என்று எழுதினால் வேகமான கணினியில் நேரம் வீணாகும், மெதுவான கணினியில் சோதனை விழும். பலகம் தெரியும்வரை, ‘வெளியிடப்பட்டது’ என்ற செய்தி வரும்வரை என்று காரணத்தைச் சொல்லிக் காத்திருக்கச் செய்யுங்கள். விழுந்த சோதனையை மறுபடி இயக்கிப் பச்சையானதும் விட்டுவிடும் பழக்கம் வேண்டாம். எங்கள் தொழிற்சாலையில் முதல் சுற்றில் தவறிய சில்லு மறுசோதனையில் தேறினால், அந்தத் தேர்ச்சியைவிட முதல் தவறலுக்கான காரணத்தையே தேடுவோம். சில்லில் குறை இல்லாவிட்டால் சாக்கெட்டில் இருக்கும். பிளேரைட்டில் ஒவ்வொரு அடியையும் பதிந்துவைக்கும் வசதி உண்டு. தவறும்போது மட்டும் அந்தப் பதிவு சேமிக்கப்படும்படி அமைத்தால், எந்தப் பொத்தான் எந்தக் கணத்தில் இல்லாமல் போனது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தின் திரைத்தோற்றத்தைப் படம் எடுத்து ஒப்பிடும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். கிட்ஹப்பின் லினக்ஸ் இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பாதீர்கள். இல்லாவிட்டால் எல்லாச் சொற்களும் வெற்றுக் கட்டங்களாகத்தான் பதியும், அந்தக் கட்டங்கள் இரண்டு படங்களிலும் ஒன்றாக இருந்தால் சோதனை பச்சையாகவும் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை முதலில் நிறுவிவிட்டு, அதன்பின் எடுக்கும் படத்தையே மூலப்படமாக வையுங்கள்.

வேகமான பிஎச்பி சோதனைகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் இயக்குங்கள். உலாவிச் சோதனையை இரவில் ஒருமுறையும் வெளியீட்டுக்கு முன் ஒருமுறையும் இயக்கினால் போதும். பிஎச்பி பதிப்புகளில் உங்கள் சர்வரில் உள்ளதையும் அடுத்து மாறவிருப்பதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரல் களஞ்சியம் பிறர் பார்க்க முடியாததாக இருந்தால் கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் மாதத்துக்கு 2,000 நிமிடங்கள்தாம். பொதுக் களஞ்சியத்துக்கு அந்த வரம்பு இல்லை.

---

பினாங்கு மலர் எழுதியது:

பழைய முகவரிகளைப் பற்றித் தம்பி கேட்டிருந்தார். அதற்கான வசதி வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. வெளியிடப்பட்ட ஒரு பதிவின் ஸ்லக் மாறும்போது பழைய ஸ்லக்கை அந்தப் பதிவின் மெட்டா தகவலாக அது குறித்துக்கொள்கிறது. பின்னர் யாராவது பழைய முகவரியைக் கேட்டு, பக்கம் கிடைக்காத நிலை வந்தால், குறிப்பைப் பார்த்துப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. கட்டுரைப் பதிவுகளுக்கு இது பொருந்தும். ‘எங்களைப் பற்றி’ போன்ற, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் பக்கங்களுக்குப் பொருந்தாது. அவற்றின் முகவரிகளைத் தொடாமல் விடுங்கள்.

சோதனையில் இதைப் பார்க்கும்போது ஒரு தடை வரும்: முகவரியைத் திருப்பிய உடனே வேர்ட்பிரஸ் நிரலை நிறுத்திவிடும் என்பதால் சோதனையும் அங்கேயே நின்றுபோகும். திருப்பவிருக்கும் முகவரியைக் கையில் தரும் வடிகட்டி ஒன்று, ‘ஓல்டு ஸ்லக் ரீடைரக்ட் யூஆர்எல்’ என்ற பெயரில், 4.4 பதிப்பிலிருந்து உள்ளது. அதில் முகவரியை வாங்கிக் குறித்துக்கொண்டு, பொய் என்ற மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால் நிரல் நிற்காது. குறித்துக்கொண்டது புதிய முகவரிதானா என்று ஒப்பிட்டுவிடலாம். ‘தமிழ்ப்பள்ள’ என்று வெட்டுப்பட்ட அந்தப் பழைய முகவரியையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுங்கள், வாசகர்கள் பகிர்ந்து வைத்திருப்பவை அவைதாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கும்போது, தரவுத்தளத்தில் ஒரே எஸ்கியூஎல் கட்டளையால் எல்லா ஸ்லக்குகளையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். அப்படி மாற்றினால் வேர்ட்பிரஸுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது, பழைய ஸ்லக் எங்கும் குறிக்கப்படாது, பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் உடையும். பதிவைப் புதுப்பிக்கும் வேர்ட்பிரஸின் சொந்தச் செயற்கூறு வழியாக, டபிள்யூபி-சிஎல்ஐ கொண்டு சிறு சிறு தொகுதிகளாக மாற்றுங்கள். முதல் தொகுதி முடிந்ததும் மெட்டா அட்டவணையில் பழைய ஸ்லக் குறிப்புகள் சேர்ந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.